நாட்காட்டியில் தெரியும் தலைவலி: பெண்களின் ஒற்றைத் தலைவலியை அறிதலும் தணித்தலும்

பருவமடையும் வயது வரை ஒற்றைத் தலைவலி ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. அதன்பின் நிலைமை மாறி, ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. இதற்கு முக்கியக் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் ஏற்ற இறக்கம். குறிப்பாக, மாதவிடாய்க்கு முன் அதன் அளவு சட்டென்று இறங்கும் நாட்களில் வலி எளிதில் கிளம்புகிறது. ஆகவே, அடிக்கடி தலைவலி வரும் பெண் ஸ்கேன் எடுக்க ஓடுவதற்கு முன் ஒரு நாட்காட்டியைக் கையில் எடுப்பதே பெரும்பாலும் அதிகப் பயன் தரும்.

முதலில், வந்திருப்பது எந்த வலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். தலையைச் சுற்றித் துணி கட்டி இறுக்கியது போல இருபுறமும் மந்தமாக வலித்து, வேலையைத் தொடர முடிகிற அளவில் இருந்தால் அது இறுக்கத் தலைவலி. விண்விண் என்று தெறித்து, படியேறினாலும் குனிந்தாலும் கூடி, குமட்டலோடும் வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாத நிலையோடும் வந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். அது ஒரு பக்கத்தில்தான் வலிக்க வேண்டும் என்பதில்லை. கண்ணுக்குக் கீழே அழுத்தமும் மூக்கில் நீர் வடிதலும்கூட இதில் உண்டு என்பதால், சைனஸ் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். காய்ச்சலோ கெட்டியான மஞ்சள் சளியோ இல்லாமல், மாதந்தோறும் அதே வலி திரும்பி வந்தால் சைனஸ் என்ற முடிவைச் சந்தேகிக்கலாம். மஞ்சளாக வாந்தி எடுத்ததும் வலி குறைவதைப் பித்தம் என்று சொல்லி விட்டுவிடும் வழக்கமும் சிகிச்சையைத் தள்ளிப்போடவே செய்கிறது.

சிலருக்கு வலிக்கு முன் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரியும், அல்லது பார்வையின் ஒரு பகுதி மறையும். இதை ஆரா என்பார்கள். இது உங்களுக்கு உண்டா என்பதைக் கட்டாயம் குறித்துவையுங்கள். காரணம் பின்னால் வரும்.

நாட்காட்டி எழுதும் முறை

மாத நாட்காட்டி ஒன்றே போதும். மாதவிடாய் தொடங்கிய தேதியை ஒரு நிறத்திலும் தலைவலி வந்த நாளை வேறு நிறத்திலும் வட்டமிட்டு, வலியின் கடுமை, நீடித்த நேரம், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால், மூன்றில் இரண்டு சுழற்சியிலாவது உதிரப்போக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரையுள்ள இடைவெளியில் வலி வருகிறதா என்பது தெரிந்துவிடும். வருகிறது என்றால் அது மாதவிடாய் சார்ந்த ஒற்றைத் தலைவலி.

தூண்டும் காரணங்கள் பெரும்பாலும் தனித்து வேலை செய்வதில்லை. மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாத வெயிலும் சாம்பிராணிப் புகையும் தூக்கக் குறைவும் மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலியைக் கிளப்பிவிடும். எல்லோருக்கும் சமைத்துக் கொடுத்துவிட்டுக் காலை உணவைப் பதினொரு மணிக்கு உண்பதும், நாள் முழுவதும் விரதம் இருப்பதும் இந்நாட்களில் ஆபத்தானவை. தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று பெண்கள் சொல்வதை வீண் பேச்சாகக் கருத வேண்டாம். இந்திய நோயாளிகள் 94 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு இதை ஒற்றைத் தலைவலியின் தூண்டுதலாகவே 2006இல் பதிவுசெய்தது. அத்தகையவர்கள் தலைக்குக் குளிப்பதை அந்த ஐந்து நாட்களுக்கு வெளியே மாற்றிவைத்து, ஈரத்தலையை முடிந்துகொள்ளாமல் விரைவாக உலர்த்திப் பார்க்கலாம்.

வலி வந்ததும் செய்ய வேண்டியவை

பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதே பலரும் செய்யும் தவறு. ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், வலி முற்றிய பின் விழுங்கும் மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. வலி தொடங்கியவுடன், மருத்துவர் சொன்ன முழு அளவை எடுத்துக்கொண்டு, இருட்டான அறையில் நெற்றியில் குளிர்ந்த துணியோடு படுத்துக்கொள்வது நல்லது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு இபுப்ரோஃபன், நேப்ராக்சன் போன்றவை உதவும். இவை மாதவிடாய் வயிற்றுவலியையும் சேர்த்தே தணிக்கும். இவற்றுக்கும் அடங்காத வலிக்குச் சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் ஆகியவை மருத்துவரின் சீட்டோடு கிடைக்கும். இதய நோயோ பக்கவாதமோ உள்ளவர்கள் இவற்றைத் தொடக் கூடாது. ஒரு குவளை காபி உதவலாம். தைலத்தின் நெடி சிலருக்குக் குமட்டலை அதிகமாக்கும். சுக்குப் பற்று இதமாக இருந்தால் போடலாம், தோல் எரிந்தால் கழுவிவிடுங்கள்.

மாத்திரைக் கணக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பாராசிட்டமால், இபுப்ரோஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை, எர்காட்டமின் என்னும் பழைய ஒற்றைத் தலைவலி மருந்து, பல மருந்துகள் கலந்த மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஒவ்வொன்றாக வாங்கிப் போடுகிறவர்கள் இந்த எல்லையைத் தாண்டுவது மிக எளிது.

மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வலித்தால் தடுப்பு மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு, அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சில நாட்கள் மட்டும் நேப்ராக்சன் கொடுத்துத் தடுக்கும் வழியும் உண்டு. தினசரித் தடுப்பு மருந்துகளில் ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வால்ப்ரோயேட், டோபிரமேட் ஆகியவை கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது; அதுவும் தலைவலிக்கு ஒரு காரணம்.

கருத்தடை, கர்ப்பம், பிரசவம்

ஆராவோடு வலி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. பக்கவாத அபாயம் கூடுவதே காரணம். காப்பர் டி போன்ற வழிகள் அவர்களுக்கு ஏற்றவை.

கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு பலருக்கு ஒற்றைத் தலைவலி தானாகவே குறைகிறது. அதனால்தான், இருபதாம் வாரத்துக்குப் பின் புதிதாகத் தலைவலி வந்தால் உடனே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பாராசிட்டமாலே முதல் தேர்வு. எர்காட்டமின் அறவே கூடாது.

பிரசவமான பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்னும் பழைய கட்டுப்பாட்டை இனியாவது கைவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் எளிதில் உறையும். நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்தால் மூளைச் சிரைகளில் இரத்தக்கட்டி உண்டாகலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டபின் உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் அடங்கும் வலி வேறு. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்குவதால் வலி கூடுவது இயல்பு. முழுமையாக நின்றபின் பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் எந்த வயதிலும், நொடியில் உச்சத்தை எட்டும் வலியோ, கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ, கழுத்து விறைப்புடன் காய்ச்சலோ வந்தால் 108ஐ அழையுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி தொடங்கி, மெல்லும்போது தாடை வலித்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.