தராசில் வைத்த சோறு

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் "அளவாகச் சாப்பிடு" என்று ஓராண்டாகச் சொல்லியும் பயனில்லை. அளவு என்றால் எவ்வளவு என்பதை நான் ஒருநாளும் காட்டவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு ஞாயிறன்று, அவன் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைச் சமையலறைத் தராசில் அவனையே நிறுக்கச் சொன்னேன்: 420 கிராம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி என்றதும், குழம்பு ஊற்றுமுன்பே 546 என்று அவனே பெருக்கிச் சொன்னான். வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்ததால், தட்டில் பாதி கீரையும் பொரியலும், மீதியில் சோறும் பருப்பும், பசித்தால் மறுசோறு என்று ஏற்பாடு செய்தோம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைப்பதால், டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிடுவதை நிறுத்திச் சைக்கிளில் அனுப்பினேன். இப்போது சிப்ஸ் பொட்டலத்தைத் திருப்பி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி என்று தங்கைக்குக் கணக்குச் சொல்கிறான்.