ஊரின் கதையைச் சொல்லும் பொதுக் கட்டடத்தை வடிவமைப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊராட்சி ஒன்றில் வாசகசாலை வரைந்து தரும்படி உங்களை அழைத்தால், முதல் சில நாட்களுக்கு வரைபடத்தாளை விரிக்காதீர்கள். முதலில் கொச்சி சமஸ்தானத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும்வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த நிலம் இது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் மக்களிடம் ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் ‘ஒரு ஹால், டைல்ஸ், நாலு ஃபேன்’ என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, நாலு மணி வெயிலில் உங்கள் அப்பா எங்கே உட்காருவார், வயலிலிருந்து திரும்பியவர்கள் மண்வெட்டியை எங்கே சாய்த்து வைப்பார்கள், பெண்கள் நின்று பேசும் இடம் எது என்று இடங்களைப் பற்றிக் கேளுங்கள். பதில்களை ஊர்ப்படத்தில் குறித்துவந்தால், எந்த மரத்தடியை வெட்டக்கூடாது, வாசலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் தாமாகத் தெரியவரும்.

சுவரில் உழவரையும் காளையையும் தீட்டிவிட்டால் ஊர்க்கதை வந்துவிடும் என்று நானும் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். படத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டு எல்லோரும் எதிரேயிருந்த டீக்கடை நிழலுக்கே போய்விட்டார்கள்.

அடுத்து மண்ணையும் காற்றையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் கரிசல் மண் காணப்படுவது இந்த வட்டத்தில்தான். அது ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் என்பதால், அந்த அசைவு எட்டாத ஆழத்துக்கு அடித்தளத்தைக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் சில கோடைகளுக்குள் சுவரில் விழும் கீறலே கட்டடம் சொல்லும் கதையாகிவிடும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்றும், மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்றும் பலமாக வீசுவதால், திண்ணையை வடக்கில் அமைத்து, கிழக்கிலும் மேற்கிலும் காற்றைத் தணித்து உள்ளே விடும் துளைச்சுவர்களை எழுப்பலாம். இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ராட் ட்ராப்’ என்ற சுவர் கட்டும் முறையில் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால், ஏறக்குறைய கால் பங்குச் செங்கல் மிஞ்சும், வெயிலின் சூடும் மெதுவாகவே உள்ளே இறங்கும். உள்ளூர்க் கொத்தனாருக்கு இம்முறை புதிதென்றால், மாதிரிச் சுவர் ஒன்றை முதலில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரைபடம் உருவானதும் அதைக் காகிதத்தில் காட்டி ஒப்புதல் கேட்பது வீண்வேலை. மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, வார்டு கிராமசபை கூடும் நாளில் எல்லோரையும் அதற்குள் நடக்கவிடுங்கள். ‘இங்கே பாட்டி கால் நீட்ட முடியாது’ என்று யாராவது சொல்லும்போது, அங்கேயே கோட்டை அழித்துத் தள்ளிப் போடுங்கள். இந்த ஒரு நாள் வேலை பல மாதக் கூட்டங்களை மிச்சப்படுத்தும்.

பெயர்ப்பலகையில் தமிழும் மலையாளமும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். திறந்து ஓராண்டு கழித்து, ஒரு பகல் முழுவதும் அங்கே போய் உட்காருங்கள். நீங்கள் போட்ட பெஞ்சை ஊரார் வேறிடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தால், அந்த இடத்துக்கு மேலே கூரையை நீட்டுவதற்கான சிறு தொகை ஒன்று மதிப்பீட்டில் முன்பே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.