துணி டயப்பர் வாங்கும் முன்

ஒருமுறை கட்டித் தூக்கிப் போடும் கடை டயப்பர் ஒரு நாளைக்கு 6, ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,800 ரூபாய் குப்பைக்குப் போகிறது. பிறந்த புதிதில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாலே போதும். அப்புறம் துணி டயப்பர் வாங்குங்கள், ஆனால் எடுத்தவுடன் ஒரு டஜன் வேண்டாம், இரண்டு மட்டும் வாங்கி, தொடையில் இறுக்காமலும் ஒழுகாமலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம். உள்ளே வைக்கும் பட்டை பருத்தியாக இருக்கட்டும். மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி தோலில் நேராகப் படக் கூடாது. 'மூங்கில்' என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள், பெரும்பாலும் அது ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ் என்ற இழைதான். புதுப் பருத்தியை மூன்று நான்கு முறை துவைத்தால்தான் நன்றாக உறிஞ்சும். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றவே வேண்டாம், உறிஞ்சாமல் போய்விடும். இரவுக்கு மட்டும் கடை டயப்பரா? சரி, தப்பில்லை.