சுகர் உள்ள சின்னக் குழந்தைக்குப் பள்ளி தேடும்போது

பள்ளிகளைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால், உங்கள் குழந்தையின் ஒரு நாளை மணி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது சர்க்கரை பார்க்கிறீர்கள், எப்போது ஊசி, எப்போது சாப்பாடு, எந்த நேரத்தில் ஓடியாடுவாள், எந்த நேரத்தில் அடிக்கடி இறங்குகிறது, எல்லாவற்றையும். என் மகளுக்கு மூன்று வயதில் டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய், என்று தெரிந்தது. பள்ளி தேடிய சமயத்தில் நாலரை வயது. காலைச் சாப்பாட்டுக்குப் போட்ட இன்சுலின் முழு வீச்சில் வேலை செய்யும் நேரத்தில்தான், அதாவது ஊசி போட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, அவளுக்குச் சர்க்கரை இறங்கும். அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருப்பாள், நான் வேலையில் இருப்பேன். ஆகவே அப்போது அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு ஆள் எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்றுதான் தேடினேன். கட்டடமும் பாடத்திட்டமும் அப்புறம்தான்.

இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து நோயைச் சொல்லாமல் சேர்க்கும் பெற்றோர் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விஷயம் தெரியாத டீச்சருக்கு, சர்க்கரை 48க்கு இறங்கி மேசையில் தலை சாய்த்த குழந்தை தூங்கி வழியும் குழந்தையாகத்தான் தெரியும். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பள்ளி தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுகொள்ளும். ஒரு விதத்தில் நமக்கு வேலை மிச்சம்.

சேர்க்கை நேரத்தில் பேசுபவர்கள் "கவலைப்படாதீங்க, எல்லாம் பாத்துக்கறோம்" என்பார்கள். எதையும் கேட்டுக்கொள்ளாமல் இதைச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். குழந்தையோடு நாள் முழுக்க இருக்கப்போகிற வகுப்பு டீச்சரையும், சாப்பாட்டு நேரத்தில் உதவிக்கு நிற்கிறவரையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பார்க்க விட மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

நான் போன இடத்திலெல்லாம் கேட்ட கேள்வி இது: "மீட்டரில் 62 என்று காட்டினால் என்ன செய்வீர்கள்?" சரியான பதில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேள்வியை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று கவனித்தேன். ஒரு பள்ளியில், "நாங்கள் எதையும் தொட மாட்டோம், உடனே போன் செய்வோம், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நேர்மையான பதில், மறுக்கவில்லை. ஆனால் இறங்கும் சர்க்கரை நான் வண்டியை எடுத்து வந்து சேரும்வரை காத்திருக்காது. இன்னொரு பள்ளியில் டீச்சர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இறங்கும்போது அவள் எப்படி நடந்துகொள்வாள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிற்பாடு அங்கேதான் சேர்த்தோம்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தைகள் பலருக்குத் தனக்குச் சர்க்கரை இறங்குகிறது என்று சொல்லத் தெரியாது. என் மகள் முதலில் பேச்சை நிறுத்துவாள். அப்புறம் பென்சிலை வீசுவாள், காரணமில்லாமல் அடம்பிடிப்பாள். உதடு வெளுக்கும், கழுத்து வியர்க்கும். இதைக் குறும்பு என்று நினைத்து மூலையில் நிற்க வைத்தால் ஆபத்து. திடீரென்று குணம் மாறினால், கண்டிப்பதற்கு முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன்.

செய்ய வேண்டியதையும் அங்கேயே விளக்கிவிடுங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் குறைவு. பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ் என்பது வழக்கம். சின்னக் குழந்தைக்குக் கிலோவுக்கு சுமார் 0.3 கிராம் என்று கணக்கிடுகிறார்கள், 17 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 5 கிராம். கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட் இதற்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். முக்கியமாக, உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே கொடுக்க வேண்டும். "எங்களிடம் நர்ஸ் இருக்கிறார்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு பள்ளியில் நர்ஸ் அறை வேறு கட்டடத்தில், மாடிப்படி ஏறி இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. சர்க்கரை இறங்கிய குழந்தையைத் தனியாகவோ இன்னொரு குழந்தையின் துணையோடோ அவ்வளவு தூரம் நடக்க விடக் கூடாது.

நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இறங்கிய சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் இருக்கிறது. ஊசி என்றால் 25 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வழக்கமாக அரை மி.கி. உங்கள் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர் எழுதித் தரட்டும். அதைப் போட யார் முன்வருகிறார் என்று பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் லீவு போட்டால் யார் என்றும் கேளுங்கள். பல பள்ளிகள் தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

மதிய ஊசி தனிப் பிரச்சினை. நர்ஸோ பயிற்சி பெற்ற ஊழியரோ போடலாம், பெற்றோரில் ஒருவர் வந்து போடலாம், உடலில் மாட்டி இன்சுலின் செலுத்தும் பம்ப் இருந்தால் பெரியவர் ஒருவர் அளவை அழுத்தலாம். "குழந்தையே போடப் பழகட்டும், அப்புறம் சேருங்கள்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஐந்து வயதில் விரலை நீட்டத் தெரியும், அளவை முடிவு செய்யத் தெரியாது. அதேபோல் பள்ளியின் வசதிக்காக ஒரு வேளை இன்சுலினை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், மாற்றம் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுத்தான். சாப்பாட்டுக்கு முன்பே ஊசி போட்டால், தட்டில் மிச்சம் வைத்தாளா என்று யாராவது பார்த்தாக வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணிய இன்சுலின் பாதிச் சாப்பாட்டுக்கு அதிகமாகிவிடும்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது கழிப்பறை எவ்வளவு தூரம், கேட்ட நேரத்தில் விடுவார்களா, தண்ணீர் பாட்டில் கையெட்டும் இடத்தில் இருக்குமா என்று பாருங்கள். சர்க்கரை ஏறினால் தாகமும் சிறுநீரும் அடக்க முடியாது. அதிகச் சர்க்கரையோடு வாந்தி, வேகமான மூச்சு என்றால் காத்திருக்கக் கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்த்து உங்களுக்கும் டாக்டருக்கும் சொல்ல வேண்டும். உடலில் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து போனில் காட்டும் சென்சார் போட்ட குழந்தை என்றால் போன் கூடாது என்ற விதியில் விலக்கு வாங்குங்கள், எழுத்தில். சென்சார் காட்டும் எண் ரத்தத்திலுள்ள அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். குழந்தை சரியில்லை, எண் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

விளையாட்டு வகுப்பிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் "பாதுகாப்புக்காக" விலக்கி வைப்போம் என்கிறார்களா? எனக்கு அது மறுப்பதற்கு ஒரு மரியாதையான வழியாகத்தான் படுகிறது. முன்னால் சர்க்கரை பார்த்து, தேவையானால் கொஞ்சம் சாப்பிட வைத்து அனுப்பினால் போதும். ஓடியாடிய பின் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம் என்பதை வீட்டில் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி முடிவானதும் டாக்டர் கையெழுத்தோடு ஒரு பக்கத் திட்டம் தயார் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும், நான்கு பக்கம் என்றால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். சில நாடுகளில் இத்தகைய ஏற்பாடு சட்டப்படியான உரிமை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு அப்படிப்பட்டது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று விசாரித்து வையுங்கள், ஆனால் முதல் சந்திப்பிலேயே அதை நீட்ட வேண்டாம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'கிட்ஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கென்றே ஒரு தகவல் தொகுப்பைப் பல மொழிகளில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நாம் சொன்னால் நம்பாத ஆசிரியர்கள் அதைப் பார்த்து நம்புவார்கள்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள். நான் என் விரலை நீட்டி டீச்சரையே குத்த வைத்தேன். முதல் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார், மூன்றாம் விரலுக்குள் கை நடுக்கம் போய்விட்டது. குழந்தையின் கையைக் கழுவிய பிறகே குத்த வேண்டும், விரலில் ஒட்டிய பழச்சாறே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும் என்று அப்போதே காட்டினேன். குளுக்கோஸ் வகுப்பிலும் பையிலும் மைதானத்துக்குப் போகிறவர் கையிலும் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம். திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலும் 28 நாள்தான் தாங்கும், வெயில் படும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது.

மற்றக் குழந்தைகளுக்கு டீச்சர் இரண்டு வரியில் சொன்னால் போதும்: இது ஒட்டிக்கொள்ளாது, இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை. பிறந்தநாளுக்கு வகுப்பில் ஏதாவது கொடுத்தால் முன்கூட்டி எனக்குச் செய்தி வரும். அவளும் சாப்பிடுவாள், நான் இன்சுலின் அளவைச் சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு வருடமும் டீச்சர் மாறுவார். வருடக் கடைசி வாரத்தில் பழைய டீச்சரையும் புதியவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிடப் பழையவர் சொல்வதைப் புதியவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். தேதி முடியப்போகும் குளுக்ககானை மாற்றிவைக்கும் வேலையும் அன்றைக்கே முடிந்துவிடும்.