முகம் பார்த்தால் முடி கொட்டுமாம்

மூன்றாம் மாதம் பாப்பா முகம் பார்த்துச் சிரிக்க, எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. "குழந்தை முகம் பார்த்தா தாய்க்கு முடி கொட்டத்தாம்மா செய்யும்" என்றார் அத்தை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தயவில் உதிராமல் நின்ற முடி, பிரசவத்துக்குப் பிறகு, பாப்பா முகம் பார்க்கும் இந்த மூன்றாம் மாதவாக்கில், மொத்தமாக உதிர்கிறது என்று டாக்டர் விளக்கியபோதுதான் அத்தையின் கணக்கு புரிந்தது.

குளியலறையில் தினம் ஓர் உருண்டை முடி. சின்ன வெங்காயச் சாறு தேய்த்துப் பார்த்தேன், நாற்றம்தான் மிச்சம்.

ஒருநாள் பாப்பா அழுகையை நிறுத்தவே இல்லை. சாக்ஸைக் கழற்றினால், கால் விரலில் என் முடி நூல் மாதிரி இறுகச் சுற்றி, விரல் சிவந்து வீங்கியிருக்கிறது. நல்லவேளை, நுனி கிடைத்தது, பிரித்தெடுத்தேன். கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். மறுநாளே முடியைத் தோள்வரை வெட்டிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி, ஹீமோகுளோபின்தான் குறைவு, 9.4. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டேன், காபியைத் தள்ளிவைத்து. ஈரத்தலையில் சீப்பு வைப்பதில்லை, இறுக்கிப் பின்னுவதில்லை. அவ்வளவுதான் வைத்தியம்.

ஒன்பதாம் மாதம் நெற்றியோரம் குட்டை முடி முளைத்து, எண்ணெய் வைத்தாலும் படியாமல் நட்டுக்கொண்டு நின்றது. இப்போது பாப்பா அதைத்தான் பிடித்து இழுக்கிறாள்.