தோப்பில் கல்யாணம்: ஆசையோடு செய்துவிடுகிற தவறுகள்

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தைத் தாண்டி, சொந்தக்காரர் ஒருவரின் மாந்தோப்பில் என் தங்கையின் கல்யாணத்தை வைத்தோம். தை மாதம், காலை 9 முதல் 10:30 முகூர்த்தம், 250 பேர். பத்திரிகையிலிருந்து தாம்பூலப் பை வரை முடிந்ததையெல்லாம் வீட்டிலேயே கையால் செய்தோம். அதன் பிறகு உறவிலும் நட்பிலும் நடந்த சில திறந்தவெளிக் கல்யாணங்களில் கூடமாட நின்று வேலை பார்த்திருக்கிறேன். தவறுகள் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மண்டபம் சத்தமில்லாமல் செய்துகொடுக்கிற வேலைகள் எத்தனை என்பது தோப்புக்குப் போன பிறகுதான் தெரிகிறது. அந்த வேலைகளை யார் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மிஞ்சுகிற நேரத்தை அலங்காரத்துக்குக் கொடுக்க வேண்டும். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இடம் பார்க்கப் போகும் நேரத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவோம். வெயில் இறங்கியிருக்கும், கடற்காற்று வீசும், எந்தத் தோப்பும் அந்த நேரத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தாலி கட்டுவது காலையில். மணமக்களைக் கிழக்கு பார்த்து உட்கார வைப்பார்கள். தை மாதத்தில் ஒன்பதரை மணிச் சூரியன் தென்கிழக்கிலிருந்து நேராக அவர்கள் முகத்தில் அடிக்கும். முன்னால் ஓமகுண்டம் வேறு. என் தங்கை கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படங்கள்தான் எங்களிடம் அதிகம். மணமேடைக்குக் கிழக்கே ஒரு பெரிய மரம் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தப் பக்கம் ஒரு துணித் தடுப்பு கட்ட முடியுமா என்று பார்த்திருந்தால் போதும். முகூர்த்தம் எத்தனை மணிக்கோ அதே நேரத்தில் போய் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, புகை எந்தப் பக்கம் போகும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மரங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தை, மாசியில் மா பூக்கும். பூவில் தத்துப்பூச்சி இருந்தால் அது விடுகிற பிசுபிசுப்பு கீழே நாற்காலி, புடவை எல்லாவற்றிலும் சொட்டும். கிளையில் முசுறு என்கிற கடிக்கும் சிவப்பு எறும்பின் கூடு இருந்தால் விளக்குச் சரம் கட்டப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான். தென்னந்தோப்பு என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆள் ஏற்றி, காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆடியும் மார்கழியும் எப்படியும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தங்கள் நிறைய உண்டு, சென்னைக்குப் பெருமழை வருவதும் அப்போதுதான். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். மூன்றுமே கார்த்திகை மாதத்தில் வந்தவை. சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். ஆவணியில் பகலெல்லாம் வெயிலடித்துவிட்டு, ரிசப்ஷன் தொடங்குகிற நேரத்துக்கு இடி மழை வரும். ஆக, தை பாதியிலிருந்து மாசி முடிய உள்ள காலம்தான் திறந்தவெளிக்கு ஓரளவு நம்பகமானது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். முதல் நாள் ராத்திரியே ஜமுக்காளம் விரித்து நாற்காலி போட்டுவிட்டால், விடியும்போது எல்லாம் நனைந்திருக்கும். தை முதல் வாரத்தில் தேதி குறித்தால் பந்தல் வேலை ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

எந்த மாதமானாலும் மழைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். "பெய்யாது, பார்த்துக்கலாம்" என்பது ஏற்பாடு ஆகாது. மேலே தகரம் போட்ட பந்தல் ஒன்றாவது பந்தி நடக்கும் இடத்தில் இருக்கட்டும். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் பல இடங்களில் களிமண் தரை. ஒரு மணி நேர மழைக்கே செருப்பைப் பிடித்துக்கொள்ளும் சேறாகிவிடும், கார்கள் வெளியே வர முடியாது. வண்டி நிறுத்துகிற இடத்தில் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டுவதற்கு ஆகும் செலவை முதல் நாள் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

கூரைப்புடவை விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. புடவையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய் மாற்றிக்கொண்டு முகூர்த்தம் முடிவதற்குள் மேடைக்குத் திரும்ப வேண்டும். மண்டபத்தில் மணமகள் அறை பத்தடி தூரத்தில் இருக்கும். தோப்பில்? எங்கள் இடத்தில் பண்ணை வீடு கிட்டத்தட்ட 200 மீட்டர் தள்ளி இருந்தது. தங்கை பட்டுப்புடவையோடு மண்ணில் ஓடி வந்தாள். மேடைக்குப் பின்னாலேயே நாலு பக்கமும் மறைத்து, ஒரு ஆள் உயரக் கண்ணாடி, ஒரு டேபிள் ஃபேன், உட்கார ஒரு ஸ்டூல் என்று ஓர் அறை கட்டச் சொல்லுங்கள். அப்புறம் கழிவறை. பண்ணை வீட்டில் இருந்த இரண்டே கழிவறைகளை நம்பினோம். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. நடமாடும் கழிவறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பூ அலங்காரத்தில் பாதியைக் குறைத்தாவது அதை எடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிற பாட்டி மேடை வரைக்கும் வர வழி இருக்கிறதா என்று, ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

காற்று, தோப்பைவிடக் கடற்கரையில்தான் அதிகம் படுத்தும். முட்டுக்காடு, கோவளம் பக்கம் வைத்தால் வாழையிலை பறக்கும், அகல் விளக்கு நிற்காது, மணலில் போட்ட கோலம் கலையும். பந்தி நடக்கும் பக்கம் இடுப்புயரத்துக்காவது தடுப்பு கட்டினால்தான் இலை இலையாக இருக்கும். விளக்குகளுக்குக் கண்ணாடிச் சிமினி வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதிலாகக் கரைப்பக்கம் திரும்பிவிடும். அதனால் அந்த மாதங்களில் கடலை நோக்கி ஃப்ளட் லைட் போடாதீர்கள். மணமக்களுக்கு நல்லது நடக்கிற நாளில் இன்னோர் உயிர் வழி தவற வேண்டாம்.

நெருப்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டும். கிராமியமாக இருக்கட்டும் என்று கீற்றுப் பந்தல், வைக்கோல் கட்டு, சாக்குத்துணித் திரை எல்லாம் வைக்கிறோம். அதே கூரைக்குள் ஓமம் வளர்க்கிறோம், சீரியல் லைட் ஓட்டுகிறோம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதை மறக்கவே கூடாது. ஓமகுண்டத்துக்கு மேலே கீற்றும் துணியும் வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ஒயர்களைக் கீற்றில் சுற்றாமல் தனிச் சவுக்குக் கம்பங்களில் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளியேற இரண்டு வழி, நாலைந்து மணல் வாளி, தீயணைப்பான், அதை இயக்கத் தெரிந்த ஒருவர். சமையல் அடுப்பும் ஜெனரேட்டரும் பந்தலை விட்டு நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

இனி கைவேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நாங்கள் அதிகமாகத் தடுமாறியதும் இதில்தான்.

ஆசையில் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பத்திரிகைக்கு அச்சு குத்தி, மடித்து, நூல் கட்டி, பெயர் எழுத 12 நிமிடம் என்று வையுங்கள். 300 பத்திரிகைக்கு 60 மணி நேரம். இரண்டு பேர் ராத்திரி இரண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 15 ராத்திரி. பத்திரிகைக்கு மட்டுமே இவ்வளவு. எதைக் கையால் செய்ய நினைத்தாலும் முதலில் ஐந்தே ஐந்து செய்து, கடிகாரத்தைப் பார்த்து, பெருக்கிப் பாருங்கள். பத்திரிகையில் பாதி வேலையை ஆண்டர்சன் தெருவில் ஸ்கிரீன் பிரின்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, பெரியவர்களுக்கான 50 பத்திரிகைகளை மட்டும் கையால் செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இன்னொன்று, கைத்தயாரிப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சும். மூலையில் மஞ்சள் தடவும்போது குழைத்த மஞ்சள் வேண்டாம், எழுத்து வரைக்கும் பரவிவிடும். உலர்ந்த மஞ்சளை விரலால் தொட்டு வைத்தால் போதும்.

மருதாணியும் ஒரு கெடு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மருதாணி வைத்துவிட்டால், பெண்ணின் கை பசை, கத்தரிக்கோல் எதையும் தொடக் கூடாது. எனவே பெண் செய்ய வேண்டியதெல்லாம் பந்தக்கால் நடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவது எதுவானாலும் செய்யாமல் விட்டுவிடுங்கள். தங்கை கடைசி ராத்திரி இரண்டு மணி வரை தாம்பூலப் பைக்கு நாடா கோத்தாள். நான் அதை அனுமதித்திருக்கக் கூடாது. மறுநாள் காலை அவள் முகத்தில் தூக்கம் அப்படியே இருந்தது.

எதைச் செய்யலாம் என்பதில் என் அபிப்பிராயம் இது. இணையத்தில் பார்க்கிற வெளிநாட்டுத் தோப்புக் கல்யாணங்களை அப்படியே இங்கே நட வேண்டியதில்லை. வைக்கோல் கட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தால் அரிக்கும், புடவையில் ஒட்டும். நமக்குக் குருத்தோலைத் தோரணம் இருக்கிறது. முடையத் தெரிந்த ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ எல்லாக் குடும்பத்திலும் கிடைப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், சுற்றிப் பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். முதல் நாள் சாயங்காலம் முடைந்து ஈரச் சாக்கில் மூடி வைத்தால் காலையில் பசுமை மாறாமல் இருக்கும். மாவிலையை மட்டும் விடியற்காலையில் கட்டுங்கள், மதியத்துக்குள் சுருண்டுவிடும். பனையோலை விசிறி ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று வைத்தோம், ஓரத்தில் அத்தை தைத்துக் கொடுத்த துணிக் கரையோடு. அன்றைக்கு வந்தவர்கள் அதிகம் பாராட்டியது அந்த விசிறியைத்தான். வெயிலுக்கு உதவியது, வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். அகல் விளக்குகளைக் கொசப்பேட்டையில் வாங்கி, முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் எண்ணெயைக் குடிக்காது.

அம்மா, பாட்டியின் புடவைகளை மேடைக்குப் பின்னால் திரையாகக் கட்டுவது அழகான யோசனை. ஆனால் காஞ்சிப் பட்டைக் கட்டாதீர்கள். வெயிலில் சாயம் வெளுக்கும், பனியில் கறை விழும். சுங்குடியும் நூல் புடவைகளும் போதும், காற்றில் அவைதான் நன்றாக ஆடும்.

பூவில் பிடிவாதம் வேண்டாம். தை முகூர்த்த நாளில் பனியால் மல்லி வரத்து குறைந்திருக்கும், கோயம்பேட்டிலேயே விலை ஏறியிருக்கும். தலைக்கு மட்டும் மல்லி வாங்கிக்கொண்டு, அலங்காரத்துக்குச் சாமந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை எடுங்கள். வெயில் தாங்கும்.

தாம்பூலப் பைக்குத் துணி போலத் தோன்றுகிற, ஆனால் பிளாஸ்டிக்கால் ஆன நெய்யாத (நான்-வோவன்) பைகளை நிறைய பேர் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் உண்டு, பந்தி மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு. மஞ்சப்பை போதும், அதில் மணமக்கள் பெயரை மரஅச்சில் நீங்களே குத்தலாம். மரக்கன்று கொடுக்க ஆசையென்றால், வாங்குகிறவருக்கு நட இடம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். அடுக்குமாடி வீட்டுக்குப் புங்கங்கன்று போய் என்ன செய்யும்? துளசியோ கற்பூரவல்லியோ கொடுத்தால் பால்கனியில் பிழைத்துக்கொள்ளும்.

ரிசப்ஷனும் அங்கேயே என்றால், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், கொசு வந்துவிடும். ஐந்து மணிக்கே நொச்சியும் வேப்பிலையும் போட்டு ஓரங்களில் புகை மூட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை பட்டியலில் இருக்காது: மறுநாள் காலை. மரங்களில் ஆணி அடிக்கவிடாமல் கயிற்றால் மட்டும் கட்டச் சொன்னால், அவிழ்ப்பது சுலபம். குண்டூசி, கம்பித் துண்டு, சரிகை நூல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க நாலு பேரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்கள் தோப்பில் மேய வரும் மாடுகள் உண்டு. வாழைமரத்தையும் எச்சில் இலைகளையும் அவற்றுக்கு விட வேண்டும் என்றால், தரையில் ஒரு ஊசிகூட இருக்கக் கூடாது. அன்றைக்கு என் அப்பாவும் சம்பந்தி மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டே தோப்பு முழுக்க நடந்தார்கள்.