மலை இறக்கத்துக்கு முன் லாரியின் ஏர் பிரேக்கைச் சோதிப்பது எப்படி

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்குமுன் சுமை லாரியைச் சமதளத்தில் நிறுத்திப் பிரேக்கைப் பார்ப்பது, வாகனத்தில் எத்தனை புதிய கருவிகள் இருந்தாலும் தவிர்க்கக் கூடாத வேலை. காற்றழுத்தம் காட்டும் கேஜின் முள் நிறைந்து நிற்பதைக் கண்டு மட்டும் கிளம்பிவிடுவது போதாது. டேங்கில் காற்று இருக்கிறது என்பதைத்தான் கேஜ் சொல்லும், பிரேக் பிடிக்கும் என்பதை அது சொல்லாது.

பெடலை மிதித்தால், டேங்கில் அடைத்திருக்கும் காற்று சக்கரத்தருகே உள்ள சேம்பர் என்ற காற்றறைக்குள் பாய்ந்து புஷ் ராடு என்ற தண்டைத் தள்ள, அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பி, லைனிங்கை (உராய்வுப் பட்டையை) சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. காற்று வெறும் தள்ளுவிசைதான். வண்டியின் வேகத்தைத் தின்பது லைனிங்கின் உராய்வு, அந்த வேகம் முழுவதும் டிரம்மில் சூடாக மாறுகிறது. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுவதால் புஷ் ராடு கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. கேஜ் நிறைந்திருக்கும்போதே பிரேக் பிடிக்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதனைக்கு முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட வேண்டும். கட்டை இல்லாமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீரோடு எண்ணெயும் நிறைய வந்தால் காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் கம்ப்ரஸரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான். பிறகு முள் நிறையும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை முழுவதும் மிதித்துப் பிடியுங்கள். மிதித்தவுடன் முள் சற்று இறங்கி நின்றபின், டிரெய்லர் இல்லாத வண்டியில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் 3 பிஎஸ்ஐ-க்கு (காற்றழுத்த அலகு) மேல் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கிளீனர் வெளியே நின்று காதைக் கொடுத்தால் ‘உஸ்’ சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிடும். சாவியைப் போட்டு, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்கினால், 60 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுமுன் எச்சரிக்கை விளக்கோ மணியோ வந்தாக வேண்டும்.

காற்றை மறுபடி நிரப்பியபின், இன்ஜினை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையிலேயே, கையால் சரிசெய்யும் வகை ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இறுக்காமல் இறக்கத்தில் இறங்கக் கூடாது. என் கணிப்பில் ஓட்டுநர்கள் அதிகம் தள்ளிப்போடும் வேலை இதுதான். அடியில் புகுந்து சட்டை அழுக்காவதுதான் காரணம் போலும்.

இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டுக்கொள்ளுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டினால் இன்ஜினின் இழுவை இல்லாமல் முழுச் சுமையும் டிரம்மின் தலையில் விழும். வேகம் நீங்கள் வகுத்த எல்லையைத் தொட்டதும் பெடலை அழுத்தமாக மிதித்து, வேகம் அந்த எல்லையிலிருந்து மணிக்கு 8 கிலோமீட்டர் குறைந்தபின் முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி எல்லையைத் தொட்டால் மறுபடி மிதியுங்கள். லைனிங் கருகும் வாடை வந்தாலோ சக்கரத்தில் புகை தெரிந்தாலோ, பெடல் இன்னும் பிடிக்கும்போதே பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும். ஹேண்ட் பிரேக்கையும் டிரம் ஆறியபின்தான் போட வேண்டும்.